நாலு பத்து அக்கா

கணீர் என்ற பெயரை அவருக்கு வைத்தது யார் என்று வானொலி நிலையத்தில் கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். நேயர்கள் வைத்தார்கள் என்பது அவர் தரப்பு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்தப் பெயரோடுதான் உள்ளே வந்தார் என்பது ஆபரேட்டர் அக்கா தரப்பு. எப்படியோ ஒட்டிக்கொண்டது. சம்பளம் போடுகிறவரைத் தவிர மற்றவர்களுக்கு அவருடைய இயற்பெயர் மறந்துபோயிற்று.

அவர் செய்வது மதியம் ஒன்று முதல் மூன்று வரையிலான நிகழ்ச்சி. ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்கும் நேரம். அந்த நேரத்தில் எவ்வளவு கணீரென்று பேசினாலும் குறட்டையோடுதான் போட்டி போட வேண்டும். பதினோரு வருஷமாகப் போட்டி போட்டார். ஆனால் கண் முழுக்கக் காலை மீது.

வானொலிக்காரர்கள் காலை என்று சொன்னால் சூரியனைச் சொல்லவில்லை. ஆறு முதல் பத்து வரையிலான நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். பல் தேய்த்துக்கொண்டும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டும் ஊரே கேட்பது அதைத்தான். காலையைச் செய்கிறவரின் படம் பஸ்ஸின் முதுகில் வரும். மதியத்தைச் செய்கிறவரின் படம் நிலையத்தின் மாடிப்படித் திருப்பத்தில், தீயணைக்கும் சிலிண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். அதிலும் கணீரின் இடது காது சிலிண்டரால் மறைக்கப்பட்டிருந்தது.

காலைக்காரர் ஒரு நாள் தொலைக்காட்சிக்குத் தாவினார். நாற்காலி காலியானது.

இயக்குநர் எல்லோரையும் கூட்டினார். அவர் எங்கோ இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்த மனிதர். அதிலிருந்து எதைச் சொன்னாலும் மூன்று மூன்றாகச் சொல்லும் பழக்கம். அவர் தலைக்கு மேல் சுவரில் ‘எண்ணம், இணைப்பு, இதயம்’ என்று பெரிதாக எழுதியிருந்தது.

“குரல் முக்கியமில்ல. அனுபவம் முக்கியமில்ல. அலங்காரம் முக்கியமில்ல,” என்றார். மூன்று முடிந்துவிட்டதால் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். “நேயர்தான் முக்கியம். மூணு வாரம் பார்ப்பேன். யாருக்கு வர்ற போன்ல உயிர் இருக்கோ, அவங்களுக்குக் காலை.”

போட்டியில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் கணீர். இன்னொருத்தி சிக்னல். எந்தத் தெருவில் வண்டிகள் முட்டி நிற்கின்றன என்று மணிக்கொரு முறை அறிவிக்க இரண்டு வருஷத்துக்கு முன் வந்த பெண். அதனால் அந்தப் பெயர். வந்த வேகத்தில் நாலு முதல் ஆறு வரையிலான நிகழ்ச்சி கைக்கு வந்துவிட்டது. பேசும்போது நடுநடுவே நிறுத்தி யோசிப்பாள். சில சமயம் ‘தெரியலயே’ என்றுகூட மைக்கில் சொல்வாள். இது கணீரின் கணக்கில் வானொலியே அல்ல.

கூட்டம் முடிந்ததும் கணீர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். போனுக்கு உயிர் கொடுப்பது எப்படி என்று அவருக்கா சொல்லித்தர வேண்டும்?

ஸ்டூடியோவுக்கு இரண்டு வழியாகப் போன் வரும். ஊருக்கெல்லாம் தெரிந்த எண்ணில் கூப்பிட்டால் ஆபரேட்டர் அக்கா எடுப்பார். பெயரையும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு உள்ளே தருவார். இன்னொன்று உள் எண். அவசரத்துக்காகத் தொகுப்பாளரின் மேஜைக்கே நேராக வரும். கணீரின் நேயர்கள் பெரும்பாலும் அவசர நேயர்கள்.

நர்ஸ் ஒருத்தி உண்டு. “உங்க குரலைக் கேட்டா பேஷண்டுங்க ஊசிக்குக்கூட அழ மாட்டேங்குறாங்க சார்” என்பாள். தையல்கார அம்மா ஒருத்தி உண்டு. தொண்டையைச் செருமிக்கொண்டு பேசும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் உண்டு. மூவரும் ஒருத்தியே. கணீரின் மனைவி. எட்டு வருஷமாகச் சமையலறையில் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு மூன்று பேராக மாறிக்கொண்டிருந்தாள். லாரி டிரைவரும் கடல் கடந்த நேயரும் மனைவியின் தம்பி. கடல் கடந்து பேசும்போது போன் அருகே பாலிதீன் பையைக் கசக்குவான். அலைச் சத்தமாம்.

இந்த மூன்று வாரத்துக்கு எல்லோருக்கும் கூடுதல் வேலை விழுந்தது.

“மாமா, லாரி டிரைவர் இந்த வாரம் மட்டும் நாலு தடவை பேசிட்டான். வண்டியை எப்பதான் ஓட்டுவான்?” என்றான் மச்சான்.

“ஓரமா நிறுத்திட்டுப் பேசுறான்னு சொல்லு.”

“நாலு தடவையுமா? சரக்கு அழுகிப்போகும் மாமா.”

“இரும்பு ஏத்திட்டுப் போறான்னு வச்சுக்கடா!”

முதல் வாரக் கடைசியில் இயக்குநர் நடைவழியில் கணீரை நிறுத்தினார். “நர்ஸ் நல்லா பேசுறாங்க,” என்றார். கணீர் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். “ஆனா சிக்னலுக்கு ஒருத்தங்க பேசுறாங்களே, நாலு பத்து அக்கா. கேட்டீங்களா? சிரிச்சேன், அழுதேன், சாப்பாட்டை மறந்தேன்.”

கணீருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

தன்னுடைய நேயர்கள் எல்லோரும் வீட்டில் செய்தது என்று அறிந்த மனிதர் அவர். அடுத்தவள் நேயர் மட்டும் எங்கிருந்தோ தானாக முளைத்து வந்தாள் என்று எப்படி நம்புவார்? இரண்டு வருஷ அனுபவம் உள்ளவளுக்கு இப்படி ஒரு நேயர் கிடைக்கிறாள் என்றால் பின்னால் பெரிய கை இருக்கிறது. எந்தக் கை என்பதுதான் கேள்வி.

ஒலிபரப்பாகும் ஒவ்வொரு நொடியையும் பதிவு செய்து வைக்கும் கணினி ஒன்று பின்னறையில் இருந்தது. கணீர் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டினார்.

“சொல்லுங்கக்கா, கரெக்டா நாலு பத்துக்கு வந்துட்டீங்க. இன்னைக்கு என்ன பண்ணீங்க?” என்று சிக்னலின் குரல்.

“ஒண்ணும் பண்ணலம்மா. அரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அதைச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்.”

“வீட்ல யாரும் இல்லையா?”

“இப்ப இல்ல. அவரு இருந்தா அவருதான் பேசுவாரு. நான் ம் கொட்டுவேன். இருபது வருஷமா ம் கொட்டிக் கொட்டி, என் குரல் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு. அதான் அப்பப்ப இங்க வந்து பேசிப் பாத்துக்கறேன். இருக்குதான்னு.”

நாலைந்து நொடி வெறும் காற்று. பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

கணீர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். “யார் எழுதின வசனம் இது?” என்று கணினியிடமே கேட்டார்.

மீண்டும் கேட்டார். ஒரு குரலைக் கேட்டாலே வயது, உயரம், பல் எத்தனை என்று சொல்லிவிடுவதாக அவர் பல விழாக்களில் அறிவித்திருக்கிறார். குறிப்பேட்டில் எழுதினார்: வயது இருபத்தெட்டு. நாடகப் பயிற்சி உண்டு. உயரமானவள். திருமணம் ஆகவில்லை. கணவனைப் பற்றிப் பேசும்போது போலித்தனம் தெரிகிறது.

மூன்றாம் முறை கேட்டபோதுதான் துப்பு கிடைத்தது. பேச்சுக்குப் பின்னால், நாலு பன்னிரண்டுக்கு, மெல்லிசாக ஒரு இசை. டிங் டிங் டிடிங். நிலையத்தின் அடையாள இசை! அந்த நொடியில் நிலையம் அதை ஒலிபரப்பவில்லை என்பது பதிவில் தெளிவாக இருந்தது. அடுத்த நாள் பதிவை எடுத்தார். அதிலும் நாலு பன்னிரண்டு. டிங் டிங் டிடிங். அதற்கடுத்த நாளும்.

ஆக, அந்தப் பெண் நிலையத்துக்குள் உட்கார்ந்து பேசுகிறாள். விளம்பரங்கள் பதிவு செய்யும் அறையாகத்தான் இருக்கும். அங்கேதான் அந்த இசை ஓடும். இந்தக் கட்டடத்துக்குள், தன் மூக்குக்குக் கீழே!

மறுநாள் நாலு எட்டுக்கே அந்த அறையின் திரைக்குப் பின்னால் போய் நின்றார். விளம்பரம் எழுதுகிறவர் ஒருவர் மட்டும் ஸ்பீக்கருக்கு அடியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். நாலு பத்துக்கு அதே ஸ்பீக்கரில் அக்கா பேச ஆரம்பித்தாள். அறையில் தூங்குகிறவரைத் தவிர ஈ காக்கை இல்லை. கணீர் அவரையும் சந்தேகமாக ஒரு முறை பார்த்தார். உதடு அசையவில்லை.

அப்படியென்றால் தகவல் கசிந்துவிட்டது. இடத்தை மாற்றிவிட்டார்கள். கசியவிட்டது யார்? ஆபரேட்டர் அக்கா இரண்டு நாளாகத் தன்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்துகிறார். வாட்ச்மேன் வழக்கத்துக்கு மாறாக வணக்கம் சொன்னான். மச்சானின் கேள்விகளிலும் ஏதோ இருக்கிறது. சரக்கு அழுகும் என்றானே, ஏன் சொன்னான்?

அன்று மாலை வீட்டுக்குப் போனவர், சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் முன்னால் போனை வைத்தார்.

“நீயும் எட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்க. உனக்கும் ஒரு அனுபவம் இருக்கு. இதைக் கேட்டுச் சொல்லு. நடிப்புதானே?”

பதிவு ஓடியது. ‘அவரு இருந்தா அவருதான் பேசுவாரு. நான் ம் கொட்டுவேன்.’

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். விளையாடுகிறாரோ என்று பார்த்தாள். விளையாடவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, கலைஞர்கள் செய்வதுபோல ஒரு விரலை உயர்த்தியிருந்தார்.

“உங்களுக்கு யாருன்னு தெரியலையா?” என்றாள்.

“தெரிஞ்சா உன்னை ஏன் கேக்கறேன்? ஏதோ நாடகக் கம்பெனிப் பொண்ணு. எப்படி இருக்கு?”

“நடிப்பு மாதிரி தெரியலயே.”

“அதுதான் பயிற்சி! உனக்கெல்லாம் பிடிபடாது. உன் நர்ஸ்ல ஒரு உயிர் இருக்கு பாரு, அது இவகிட்ட இல்ல.”

“ம்.”

கூடத்தில் சுவர்க் கடிகாரம் ஏழு அடித்தது. மணி அப்போது ஏழு பன்னிரண்டு. நிலையத்தில் பத்து வருஷம் முடித்ததற்கு இயக்குநர் மேடையேற்றிக் கொடுத்த கடிகாரம். மணிக்கொரு தரம் டிங் டிங் டிடிங் என்று வாசிக்கும். வந்த வாரத்திலேயே பன்னிரண்டு நிமிஷம் பின்தங்கிவிட்டது. வந்த மாதத்திலேயே கணீரின் காது அதைக் கேட்பதை நிறுத்திவிட்டது. இப்போதும் அது வாசித்து முடிக்கும் வரை அவர் அதற்கு மேல் குரலை உயர்த்திச் சதியின் முழு வரைபடத்தையும் விளக்கிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு இயக்குநர்கிட்ட போறேன். எல்லார் முன்னாடியும் அந்த நம்பருக்குப் போன் போடச் சொல்வேன். யாரு எடுக்கறான்னு பார்த்துடலாம்.”

“வேண்டாங்க. விட்டுடுங்க. ஆபீஸ் வரைக்கும் கொண்டு போகாதீங்க.”

“ஏன்?”

“சொன்னா கேளுங்க. நான்…” என்று அவள் ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரு. உனக்கு இதெல்லாம் புரியாது.”

அவள் சும்மா இருந்தாள். கத்தியை எடுத்து மறுபடி நறுக்கத் தொடங்கினாள். கணீர் கூடத்துக்கு வந்து, இவள் ஏன் தடுக்கிறாள் என்று யோசித்தார். சிக்னல் பக்கத்து ஆட்கள் வீடு வரைக்கும் வந்துவிட்டார்களா?

காலையில் இயக்குநர் அறையில் நாலு பேர் இருந்தார்கள். இயக்குநர், சிக்னல், தாளும் கையுமாக ஆபரேட்டர் அக்கா, நடுவில் கணீர். ‘குரல் ஒப்பாய்வு’ என்று அட்டையில் எழுதிய பன்னிரண்டு பக்க அறிக்கையை அவர் மேஜையில் வைத்தார். நேரம் பதினொன்று ஐந்து.

“ஒரே குற்றச்சாட்டுதான் சார். நாலு பத்து அக்கா போலி. நிலையத்துக்குள்ளயே வச்சு நடத்தறாங்க. நேயரை உருவாக்கறது எவ்வளவு பெரிய துரோகம்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.”

சிக்னலின் முகம் சிவந்தது. “நான் யாரையும் பேசச் சொன்னதில்ல சார். அவங்க பேருகூட எனக்குத் தெரியாது.”

“கேட்டீங்களா? பேருகூடத் தெரியாதாம். எனக்கு என் நேயர் ஒவ்வொருத்தரையும் தெரியும் சார். குடும்பத்தோட தெரியும்.”

“அது தெரிஞ்ச விஷயம்தான்,” என்று ஆபரேட்டர் அக்கா முணுமுணுத்தார்.

இயக்குநர் அறிக்கையைப் புரட்டினார். “உண்மையா இருந்தா சிக்னலுக்குக் காலை இல்ல, மாலை இல்ல, வேலையும் இல்ல,” என்றார். மூன்று கணக்கு சரியாக வந்ததில் அவருக்கே திருப்தி. “என்ன பண்ணலாம்?”

“ஆபரேட்டர் அக்காகிட்ட முழு நம்பர் இருக்கு. போடச் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடச் சொல்லுங்க.”

ஆபரேட்டர் அக்கா தாளைக் கணீரிடம் நீட்டினார். “சார், நீங்க ஒரு தடவை இந்த நம்பரைப் பாத்துடுங்களேன். கையெடுத்துக் கும்பிடறேன்.”

“எனக்கு நம்பர் எதுக்கு? காது போதும்,” என்றார் கணீர். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. கடைசி நாலு இலக்கம் மூன்று வாரமாகத் தாளில் அவர் கண் முன்னால்தான் கிடந்தது. ஆனால் அவர் போனில் அந்த எண்ணுக்கு ‘வீடு’ என்று பெயர். அந்தப் பெயரைத்தான் தொடுவார். அதற்குக் கீழே எந்த எண் இருக்கிறது என்று பார்க்க வேண்டிய தேவை வந்ததே இல்லை.

இயக்குநர் எண்ணை அழுத்தினார். நாலாவது ரிங்கில் எடுத்தார்கள்.

“ஹலோ.”

“வணக்கம்மா. வானொலி நிலையத்துலேர்ந்து பேசறேன். நாலு மணி நிகழ்ச்சியில பேசற அக்காதானே?”

“ஆமா. சொல்லுங்க சார்.”

“அந்த ‘சொல்லுங்க’வைக் கவனிச்சீங்களா?” என்று கணீர் இயக்குநரின் காதில் கிசுகிசுத்தார். “மேடைப் பயிற்சி.”

“அம்மா, ஒரே கேள்வி. உங்களை யாராவது இப்படிப் பேசுங்கன்னு சொல்லிப் பேச வச்சாங்களா?”

மறுமுனை கொஞ்சம் யோசித்தது. “எந்த நிகழ்ச்சியில சார்?” என்றது.

இயக்குநர் புருவத்தைத் தூக்கினார். அந்தச் சமயம் பார்த்து ஸ்பீக்கரில் டிங் டிங் டிடிங் என்றது.

“அதோ!” என்று கணீர் மேஜையைத் தட்டினார். “அதே இசை! இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கா! எல்லா அறையையும் பூட்டச் சொல்லுங்க!”

சிக்னல் சுவரைப் பார்த்தாள். மணி பதினொன்று பன்னிரண்டு.

இயக்குநர் எதையும் பூட்டச் சொல்லவில்லை. மெதுவாக எழுந்து மூலையில் இருந்த பீரோவைத் திறந்தார். உள்ளே அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றைப் பிரித்து ஒரு கடிகாரத்தை வெளியே எடுத்தார். பின்பக்கம் விசையை அழுத்தினார். டிங் டிங் டிடிங்.

“பத்து வருஷம் முடிக்கறவங்களுக்குன்னு பத்து செய்யச் சொன்னேன்,” என்றார். அவர் குரலில் முதல் முறையாக மூன்று இல்லை. “ஒம்பது இங்க இருக்கு.”

கணீர் தன் போனை எடுத்தார். ‘வீடு’ என்பதை அழுத்திப் பிடித்து அதற்குக் கீழே பார்த்தார். பிறகு ஆபரேட்டர் அக்காவின் தாளைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

“என்னங்க,” என்றது ஸ்பீக்கர். “அங்கதான் இருக்கீங்களா?”

ஒலிபரப்பில் ஆறு நொடி சத்தம் இல்லாவிட்டால் நிலையத்தில் அபாய விளக்கு எரியும். அந்த அறையில் விளக்கு இல்லாததால் மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்குக் கணக்கு இல்லை.

“அம்மா,” என்றார் இயக்குநர், “மதியம் பேசற நர்ஸ்…”

“நான்தான் சார்.”

“தையல்காரம்மா?”

“நான்தான்.”

“அந்த கணக்கு டீச்சர்?”

“அதுவும் நான்தான் சார். லாரி டிரைவர் மட்டும் என் தம்பி. அவங்களையெல்லாம் பேசச் சொன்னது இவரு. சாயங்காலம் பேசறது யாரும் சொல்லி இல்ல. நானா கூப்பிட்டேன். ஒரு நாள் கேட்டேன், அந்தப் பொண்ணு ஒரு கேள்வி கேட்டுட்டுப் பதிலுக்குக் காத்துக்கிட்டிருந்துச்சு. அது எனக்குப் புதுசா இருந்துச்சு.”

சிக்னல் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள். “அக்கா, இன்னைக்கும் கூப்பிடுவீங்களா?”

“தெரியலயேம்மா,” என்றாள் அவள். சிக்னலைப் போலவே சொன்னாள்.

காலை சிக்னலுக்குப் போனது. அடுத்த வாரமே பஸ்களின் முதுகில் அவள் படம் வந்தது. கணீரை வெளியே அனுப்பவில்லை. அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் நர்ஸை நம்பி மருந்துக் கம்பெனி கொடுத்திருந்த விளம்பரம் போய்விடும். உள் எண்ணின் ஒயரை மட்டும் பிடுங்கினார்கள். இனி எல்லாப் போனும் ஆபரேட்டர் அக்கா வழியாகத்தான்.

வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் கணீர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். துரோகத்தைப் பற்றி அல்ல, காலையைப் பற்றியும் அல்ல.

“அவகிட்டப் பேசும்போது மட்டும் குரல் ஏன் அப்படி மாத்திக்கிட்ட?”

“மாத்திக்கலீங்க,” என்றாள் மனைவி. “அதுதான் என் குரல்.”

அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். அந்தப் பதிலிலும் ஏதோ பயிற்சி இருப்பதுபோலத் தோன்றியது.

திங்கட்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு அவர் மைக்கைத் திறந்து, “அன்பு நேயர்களே, உங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கிறேன்,” என்றார். மேஜையில் அழைப்பு வந்தால் எரியும் நாலு விளக்குகள். ஒன்றும் எரியவில்லை. பாட்டு ஒன்று போட்டார். இன்னொன்று போட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆபரேட்டர் அக்கா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். நர்ஸ் இல்லை, தையல்காரி இல்லை, டீச்சர் இல்லை. லாரி ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது போலும்.

ஒன்று ஐம்பதுக்கு விளக்கு ஒன்று மினுங்கியது. ஆபரேட்டர் அக்கா ஊசியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் சைகை காட்டினார். நிஜம், நிஜம்!

“வணக்கம் சார்,” என்றது ஒரு ஆண் குரல். “குழாய் ரிப்பேர் பண்றவன் சார். வேலை செஞ்சுக்கிட்டே தினமும் உங்களைத்தான் கேக்கறேன். ஆறு வருஷமா கேக்கறேன். இன்னைக்குத்தான் தைரியம் வந்து கூப்பிட்டேன்.”

பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு அழைப்பு அவருக்கு வந்ததில்லை. கணீர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். கண்ணைச் சுருக்கினார்.

“ஆறு வருஷமா?” என்றார் மைக்கில்.

“ஆமா சார்.”

“யார் உங்களைப் பேசச் சொன்னது?”

“சார்?”

“பரவாயில்ல, பயப்படாம சொல்லுங்க. ஊரே கேக்குது. உங்களைப் பேசச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல சார். நானாதான்… ஒரு பாட்டு கேக்கலாம்னு…”

“குழாய் வேலைன்னு சொன்னீங்க. பின்னாடி தண்ணிச் சத்தமே கேக்கலியே?”

கண்ணாடிக்கு அப்பால் ஆபரேட்டர் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“மன்னிச்சுக்குங்க சார்,” என்றது குரல். “தப்பா கூப்பிட்டுட்டேன் போல.” விளக்கு அணைந்தது.

கணீருக்கு மூன்று வாரத்தில் முதல் முறையாக நெஞ்சு லேசானது. அடுத்த பாட்டை ஓடவிட்டு, அழைப்புத் தாளை இழுத்து, குழாய்க்காரர் பெயருக்கு நேராகக் கொட்டை எழுத்தில் எழுதினார்: போலி. நடிப்பு சுமார்.